பனிக்காலமும் முகத்தோலும்

சப்பிரகமுவ மாகாணத்தில் வறட்சி என்று எவரேனும் சொன்னால் இரத்தினபுரி வாசிகள் நகைப்பர். ஆண்டொன்றுக்கு 3500 மில்லிமீற்றருக்கும் மேலாக மழை பெறும் ஊர் அது. களுகங்கை பெருகி வீதிக்கு வருவது அவ்வூராருக்குப் புதுமையன்று. எட்டியாந்தோட்டைப் பகுதியிலும் தெரணியகலைப் பகுதியிலும் துவைத்த துணி உலர்வதற்கே வெயிலை எதிர்பார்த்திருக்கும் மாதங்கள் பல. அத்தகைய நாட்டிலே, மார்கழி பிறந்தது முதல் மாசி நடக்கும் வரையில், பிரட்டுக்களத்தில் வந்து நிற்கும் பெண்களின் கன்னங்களிலே சாம்பல் பூத்தாற்போன்ற ஒரு வெளிறல் காணப்படும். உதடு வெடிக்கும். சிரித்தால் வாயோரம் எரியும். பள்ளிப் பிள்ளைகளின் முகத்திலே வெண்திட்டுகள் தோன்றும். "பனி அடித்துவிட்டது" என்று பெரியவர்கள் அதனை ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்.

பனியின் மீது போடப்படும் இந்தப் பழி முழுவதும் நியாயமானதன்று. விடியற்காலையில் பள்ளத்தாக்கை மூடிக் கிடக்கும் மூடுபனி ஈரம் நிறைந்த காற்றேயாகும். ஆனால் குளிர்ந்த காற்று தன்னுள் அதிக நீராவியைத் தாங்கவல்லதன்று. 18 பாகை செல்சியசில் ஒரு கனமீற்றர் காற்று ஏறக்குறைய 15 கிராம் நீராவியைத் தாங்கும், அதற்குமேல் தாங்காது. வெயில் ஏறி, அதே காற்று 32 பாகைக்குச் சூடாகும்போது, அது 34 கிராம் வரையில் தாங்கக்கூடியதாகிவிடுகிறது. இடையில் புதிய ஈரம் வந்து சேராவிடில், விடியற்காலையில் நிறைந்திருந்த பாத்திரம் நண்பகலில் பாதியும் நிரம்பாத பாத்திரமாகின்றது. காற்று தன் குறையை நிரப்பிக்கொள்ள எங்கே ஈரம் உண்டோ அங்கெல்லாம் கைவைக்கும். கொழுந்து பறிப்பவளின் முகமும் அதற்கு விலக்கன்று. ஆகவே, குளிரிலே உணரப்படும் தோல்வறட்சிக்கு வேலை நடப்பது பெரும்பாலும் உச்சிவெயிலில்.

இறப்பர்த் தோட்டங்களில் இதனுடன் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. கேகாலை மாவட்டம் இறப்பருக்குப் பேர்போனது. ஆண்டின் தொடக்கத்து வறண்ட வாரங்களில் இறப்பர் மரங்கள் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும். மற்றைய காலங்களில் நிழலிலே பால்வெட்டிப் பழகிய தொழிலாளியின் முகத்தில், காற்று மிக வறண்டிருக்கும் அந்த நாட்களிலேயே நேர்வெயில் படுகிறது. மரம் தன் நீரைக் காத்துக்கொள்ள இலையை விடுகிறது. வெட்டுபவருக்கோ விடுவதற்கு ஒன்றுமில்லை.

தோலின் மேற்படை எழுதும் தாளினும் மெல்லியது. அதனைச் செங்கற்சுவருக்கு ஒப்பிடுவது வழக்கம். இறந்த உயிரணுக்கள் கல்லாகவும், அவற்றினிடையே உள்ள கொழுப்பு சாந்தாகவும் அமைந்து, உள்ளிருக்கும் நீர் வெளியேறாமல் தடுக்கின்றன. சாந்து கரைந்தால் சுவர் கசியும். நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதி, கன்னத்தில் அவ்வளவில்லை, உதட்டிலோ இல்லையென்றே சொல்லலாம். அதனாலேதான் உதடு முதலில் வெடிக்கிறது. ஐம்பது வயதைக் கடந்த பெண்களுக்குச் சுரப்பு குறைவதால், அவர்களுக்கு இக்காலம் இன்னும் கடினமானது. மேலும் இடுப்புக்குப் படங்கு உண்டு, தலைக்குத் துணியுண்டு, முகத்துக்குப் போர்வையில்லை.

அந்தச் சாந்தைக் கரைப்பது வெயிலும் காற்றும் மாத்திரமன்று. மனிதர் தம் கையாலும் கரைக்கின்றனர். துணி துவைக்கும் சவர்க்காரக் கட்டியையே முகத்துக்கும் தேய்ப்பது லயன் வீடுகளில் அரிதன்று. அதன் காரம் அழுக்கோடு கொழுப்பையும் சேர்த்து எடுத்துச் செல்லும். கழுவியபின் முகம் இறுகி இழுப்பதைச் 'சுத்தமாகிவிட்டது' என்று எண்ணுவது தவறு. அது தோலின் முறைப்பாடு. பீலித் தண்ணீர் கைவிறைக்கக் குளிர்ந்திருக்கும்போது அடுப்பில் நீர் காய்ச்சுவதைக் குறைகூற முடியாது. ஆயினும் கொதிசூடான நீர் முகத்துக்கு ஆகாது. குளிர் தெளியும் அளவுக்கு வெதுவெதுப்பு இருந்தாற் போதும். சவர்க்காரம் முகத்துக்கு ஒரு நாளில் ஒருமுறைக்கு மேல் வேண்டியதில்லை. எலுமிச்சஞ்சாற்றை முகத்திற் பூசுவோரும் உளர். சாறு பட்ட தோலில் வெயிலும் பட்டால் புண்ணும் கருந்தழும்பும் உண்டாகலாம். வெயிலில் தொழில் செய்பவர்கள் அதனை விட்டுவிடுதல் நல்லது.

பரிகாரம் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கிறது. குருநாகலைக்கு அயலாகிய கேகாலையில் தேங்காயெண்ணெய்க்கு விளக்கம் வேண்டியதில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டு மருத்துவர்கள் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வில், கால்தோல் வறண்ட 34 பேரைக் கொண்டு தேங்காயெண்ணெயையும் கனிய எண்ணெயையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டு வாரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே பயனைத் தந்தன. சிறிய ஆய்வுதான், எனினும் பாட்டிமார் கூறியதற்கு மாறாக அது எதையும் சொல்லவில்லை. பூசும் முறையில்தான் பலர் தவறுகின்றனர். எண்ணெய் தானாக ஈரம் தருவதில்லை. இருக்கும் ஈரத்தைப் பூட்டிவைக்கிறது. காய்ந்து வெளிறிய முகத்தில் எவ்வளவு பூசினாலும் பயன் சிறிதே. முகத்தைக் கழுவி, துவாயால் தேய்க்காது ஒற்றி, ஈரம் அடங்குவதற்கு முன் இரண்டு மூன்று துளியை உள்ளங்கையில் பரப்பிப் பூசுதல் வேண்டும். உதட்டுக்கு வசலின் சிறந்தது. 1872ஆம் ஆண்டில் செஸ்பரோ என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்ற அந்தப் பொருளின் இடத்தை எத்தனையோ புதுச்சரக்குகளாலும் இன்றுவரை பறிக்க முடியவில்லை. உதட்டை நாவால் நனைப்பது வெடிப்பை மிகுவிக்கும். முகப்பரு உள்ள இளவயதினருக்குத் தேங்காயெண்ணெய் பருவை அதிகமாக்கலாம். அவர்கள் கன்னத்தில் வறண்ட இடத்திற்கு மட்டும் சிறிது வசலின் தடவிக்கொள்ளலாம். நண்பகலில் பூசிக்கொள்வதற்குக் கொழுந்துக்கூடையோடு சிறு குப்பியொன்றை எடுத்துச் செல்வதும் பாரமாகாது.

பிள்ளைகளின் முகத்துத் திட்டுகளைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்லுதல் அவசியம். வெளிறி, ஓரம் தெளிவற்று, மெல்லிய செதிள் படர்ந்த தேமல் பெரும்பாலும் வறட்சியைச் சேர்ந்ததே. அது குடற்புழுவின் அடையாளம் என்று பூச்சிமருந்து கொடுப்பது வழக்கமாயினும், தேமலுக்கு அது மருந்தாகாது. நாளும் எண்ணெயோ வசலினோ தடவி வந்தால் செதிள் விரைவில் அடங்கும். நிறம் திரும்பச் சில மாதங்கள் செல்லும். சில தாய்மார் குட்டநோயென்று அஞ்சிப் பிள்ளையை மறைத்து வைப்பதுண்டு. ஒல்லாந்தர் 1708ஆம் ஆண்டில் ஹெந்தலையில் குட்டநோயாளருக்கென வைத்தியசாலை கட்டி, நோயாளரை ஊரிலிருந்து பிரித்து வைத்த நாட்டில், அந்த அச்சம் எளிதில் நீங்காதது வியப்பன்று. ஆனால் அந்நோய் இன்று மருந்தால் முற்றாகக் குணமாவது, மருந்தும் இலவசம். மற்றைய உறுப்புகளில் குட்டநோய்த் திட்டு தொட்டால் உணர்வற்றிருக்கும். முகத்தில் உணர்வு எஞ்சியிருக்கவும் கூடும். ஆதலின் ஊசியால் தொட்டுப் பார்த்து வீட்டிலே தீர்ப்புச் செய்தல் தகாது. சில வாரம் எண்ணெய் தடவியும் செதிள் அடங்காத திட்டு, பெருகும் திட்டு, உடம்பில் வேறிடத்திலும் தோன்றும் திட்டு, இவற்றை வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

இவற்றையெல்லாம் விடக் கேடு விளைவிப்பது கடையிலிருந்து வருகிறது. தை பிறந்தால் கலியாணப் பேச்சும் பிறக்கும். பெண் பார்க்க வருகிறார்கள் என்று கேட்டவுடன், வறண்டு கறுத்த முகத்தைக் கண்ணாடியில் பார்க்கும் பெண் எண்ணெயைத் தேடுவதில்லை. வெள்ளையாக்கும் கிரீமைத் தேடுகிறாள். வறட்சியை அவள் நிறத்தின் குற்றமாகக் கொள்ளுகிறாள். வீட்டாரும் அவ்வாறே கொள்ளுகின்றனர். ஒரு நாட்சம்பளத்தில் பெரும்பகுதி ஒரு சிறு டப்பிக்குப் போய்விடுகிறது. செய்தவர் பெயரும் முகவரியும் இல்லாத அத்தகைய டப்பிகளில் சிலவற்றில் பாதரசம் உண்டு. அது தோலின் வழியே உடலிற் புகுந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். கர்ப்பிணியானால் குழந்தையையும் தாக்கும். 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை, பாதரசம் கலந்த இத்தகைய பூச்சுகளின் உற்பத்தியையும் வாணிபத்தையும் 2020ஆம் ஆண்டுடன் நிறுத்த உலகநாடுகளைக் கட்டியது. ஆயினும் பெட்டிக்கடைத் தட்டில் எந்த உடன்படிக்கையும் ஒட்டப்பட்டிருப்பதில்லை.

வேறு சிலவற்றில் ஸ்டீரொயிட்டு மருந்து கலந்திருக்கும். அதன் வஞ்சனை இன்னும் நுட்பமானது. முதல் வாரங்களில் முகம் மினுங்கும், எல்லாரும் புகழ்வார்கள். பின்னர் தோல் மெலியும், இரத்தக்குழாய்கள் செந்நூல்போல் தெரியும், வெயில் சுடும். கிரீமை நிறுத்தினால் முகம் சிவந்து கொப்பளிக்கும். அந்தச் சிவப்பைக் கண்டு, கிரீம் இல்லாமையாலேதான் இவ்வாறாயிற்று என்று எண்ணி அதே டப்பியை மீண்டும் வாங்குகிறார்கள். மாதக்கணக்கில் பூசி வந்தவர்கள் தாமாகத் திடீரென நிறுத்தாமல், உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் நன்று. போகும்போது டப்பியையும், அது வந்த கடதாசிப் பெட்டி இருந்தால் அதனையும் மறவாது எடுத்துச் செல்லவேண்டும். பூசியது இன்னதென்று அறிந்தால்தான் வைத்தியர் அதற்கேற்ற சிகிச்சையைத் தொடங்க முடியும்.