லெனின் முகமும் ராக்பெல்லர் சுவரும்



சித்திர வேலை நம்மில் பல பேருக்குத் தெரியாது. ஆனால் சுண்ணாம்பு வேலை தெரியும். ஆகவே அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

மெக்ஸிகோ ஓவியர் தியெகோ ரிவேரா ஈரப் பூச்சின் மேல் எழுதியவர். அன்றைய வேலைக்கு வேண்டிய அளவு மட்டுமே கொத்தனார் சாந்து பூசுவார். பூச்சு காய்வதற்குள் வர்ணம் ஏறிவிட வேண்டும். காய்ந்துபோனால் சுவர் வர்ணத்தைப் பிடிக்காது. கொத்தியெடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான். இப்படி நேரம் துரத்துகிற வேலையில், சாரத்தின் மேல் நின்றுகொண்டு 'என்ன எழுதலாம்' என்று யோசிக்க முடியுமா? அதனால்தான் முன்கூட்டியே காகிதத்தில் மாதிரிப் படம் போட்டுக்கொள்கிறார்கள்.

1932ல் நியூயார்க்கில் ராக்பெல்லர் குடும்பம் கட்டிய மாளிகையின் கூடத்தில் எழுத ரிவேராவை அமர்த்தினார்கள். கூலி 21,000 டாலர். நாற்சந்தியில் நிற்கும் மனிதன் நல்ல எதிர்காலத்தை நம்பிக்கையோடு தேடுகிறான் என்பது விஷயம். விஷயத்தைக் கொடுத்ததும் முதலாளிகளேதான்!

ரிவேரா பென்சிலால் மாதிரி போட்டார். நடுவில் தொழிலாளி, விவசாயி, சிப்பாய். தொழிலாளி ஒரு கையை விவசாயிக்கும் மறு கையைக் காயம்பட்ட சிப்பாய்க்கும் கொடுக்கிறான். முதலாளிகள் பார்த்தார்கள், சம்மதித்தார்கள்.

கோடீஸ்வரன் சுவரில் இவர் ஏன் எழுதப் போனார் என்று நம் தோழர்களே அன்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 1929ல் மெக்ஸிகோ கட்சியிலிருந்து நீக்கப்பட்டு, 1954ல்தான் திரும்பச் சேர்க்கப்பட்டவர் அவர். அது வேறொரு நீண்ட கதை, இன்றைக்கு வேண்டாம்.

சுவருக்கு வந்தபோது படம் மாறியது. நடுவில் இயந்திரத்தை இயக்கும் தொழிலாளி மட்டும் நின்றான். ஒரு பக்கம் வேலை கேட்டு ஊர்வலம் வந்தவர்களைக் குதிரைப் போலீஸ் தாக்குகிறது. மறுபக்கம் மாஸ்கோவில் மே தினம். கை கோக்கும் காட்சியும் அங்கேயே போயிற்று. தொழிலாளி, கறுப்பின விவசாயி, சிப்பாய் ஆகியோரின் கைகளைச் சேர்த்து வைக்கிறவர் லெனின்!

மாதிரியில் லெனின் முகம் இல்லை. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மாதிரி என்பது அடிமைச் சாசனமா? நாற்றங்காலைப் பார்த்தா அறுவடையை அளப்பது? அமெரிக்காவில் நாலு தொழிலாளிக்கு ஒருவர் வேலையின்றித் திரிந்த 1933ம் வருஷம் அது. அந்தக் கைகளைச் சேர்த்து வைக்க யாரை எழுதச் சொல்கிறார்கள்?

மே 4ந் தேதி நெல்சன் ராக்பெல்லர் கடிதம் எழுதினார்: லெனினை எடுத்துவிட்டு, யாரென்று தெரியாத ஒருவன் முகத்தைப் போடுங்கள் என்று. வேண்டுமானால் ஆபிரகாம் லிங்கனையும் சேர்த்து எழுதுகிறேன், லெனினை எடுக்க மாட்டேன். படத்தைச் சிதைப்பதைவிட அழித்துவிடுவதே மேல் என்றார் ரிவேரா. மே 9ந் தேதி காவற்காரர்கள் சூழ்ந்து நிற்க அவரைச் சாரத்திலிருந்து இறக்கி, பாக்கிக் கூலிக்குச் செக்கைக் கொடுத்து வெளியேற்றினார்கள். படத்தை மூடினார்கள். தெருவில் தொழிலாளரும் ஓவியரும் கூடிக் கண்டன கோஷமிட்டார்கள். 1934 பிப்ரவரியில் சுவரைக் கொத்திப் படத்தைத் தூளாக்கிவிட்டார்கள். பிறகு வேறொரு ஓவியரைக் கொண்டு அங்கே படம் எழுதுவித்தார்கள். அதில் லிங்கன் இருக்கிறார்!

பென்சில் மாதிரி தப்பியது. அது நியூயார்க் நவீனக் கலைக் காட்சிசாலையில் இருக்கிறது. 1929ல் அதை நிறுவியவர்களில் ஒருவர் நெல்சனின் தாயார்.

ஆனால் ரிவேராவுக்கு உதவியது அந்த மாதிரி அல்ல. படம் பிடிக்கக் கூடாது என்று காவல் போட்டிருந்தபோதே, உடன் வேலை செய்த லூசியென் பிளாக் என்ற பெண் காமிராவை உடைக்குள் மறைத்துக் கொண்டுபோய்ச் சுவரைப் படம் பிடித்துவிட்டார். அதை வைத்துக்கொண்டு 1934லேயே மெக்ஸிகோ நகரக் கலைமாளிகையில் ரிவேரா மறுபடி எழுதினார். அளவு சிறிது. லெனின் அப்படியே இருக்கிறார். புதிதாக ஒருவரும் சேர்ந்திருக்கிறார். மதுவையே தொடாதவர் என்று பெயரெடுத்த நெல்சனின் தகப்பனார், கேளிக்கை விடுதியில் சீமாட்டிகளோடு உட்கார்ந்திருக்கிறார். தலைக்கு மேலே நோய்க்கிருமிகள் மிதக்கின்றன.