ஒரு குழந்தைக்கு மட்டும் கேட்கும் குரல்

கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தே பாறை வெடித்தால் மேலே வீடுகளும் அதிரும். அவ்வோசை ஊருக்கே கேட்கும். 2001-ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டது. நேயர்களே, நாம் இன்று பேசப்புகுவது ஊரார் எவருக்கும் கேளாமல், ஒரு குழந்தைக்கு மட்டும் கேட்கும் ஓசையைப் பற்றி.

13 வயதுக்குள் மனச்சிதைவு நோய் தோன்றுவது மிகவும் அரிது. ஆகவே எடுத்ததற்கெல்லாம் அஞ்ச வேண்டுவதில்லை. குழந்தைகள் பலர்க்குக் கற்பனைத் தோழன் உண்டு. அவன் அழைத்தால் வருவான். போ என்றால் போவான். நோயின் குரலோ அழையாமலே வரும், ஏசும், ஏவும். பிள்ளை அதற்கு அஞ்சி மூலையில் ஒடுங்கும். சோற்றில் நஞ்சிருப்பதாக ஐயுற்று உண்ண மறுக்கும். பேச்சுக் கோவையற்றுப் போகும். முகத்தில் சிரிப்பும் அழுகையும் மங்கும். நன்கு படித்த பிள்ளை பாடத்தில் பின்தங்கும். இவை பெரும்பாலும் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வருவதால், 'பிடிவாதம்' என்றோ 'காத்து கருப்பு' என்றோ எண்ணிக் காலங்கடத்தி விடுகிறோம்.

இந்நோய் பெரும்பாலும் தனித்து வருவதில்லை. கவனக் குறைவு, அச்சம், மனச்சோர்வு, பேச்சுத் தாமதம் ஆகியவை உடனிருக்கலாம். பேச்சுத் தாமதத்துக்கு, "வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், தெருவில் தெலுங்கு, அதனால்தான் குழம்புகிறான்" என்று நாமே ஒரு காரணம் கற்பித்துக் கொள்கிறோம். பன்மொழிச் சூழல் எந்த நோயையும் உண்டாக்குவதில்லை. ஆட்டிசத்தையும் இதனையும் ஒன்றெனக் கருதிய காலமும் உண்டு. 1971-இல் கோல்வின் வெளியிட்ட ஆய்வுகளே இரண்டையும் வேறு பிரித்துக் காட்டின. எனினும் ஒரே குழந்தையிடம் இரண்டும் காணப்படுதல் கூடும். வலிப்பு நோயும், உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோயும் இத்தகைய குறிகளைக் காட்டக்கூடும். ஆதலின் உடற்பரிசோதனை முதலில் வேண்டும்.

1954-இல் அகில இந்திய மனநல நிலையமாகி, 1974 முதல் நிம்ஹான்ஸ் எனப் பெயர் பெற்ற பெங்களூர் மருத்துவமனையில் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் செல்லலாம். மருந்தும், குடும்பத்தார்க்குப் பயிற்சியும், பள்ளியின் ஒத்துழைப்பும் சேர்ந்ததே சிகிச்சை. மருந்தை நாமாக நிறுத்தலாகாது. பயணத்துக்கு முன்பே வினவ விரும்புவோர் 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். குரல்கள் தன்னை மாய்த்துக்கொள்ளும்படி ஏவுவதாகப் பிள்ளை சொன்னால், அன்றே அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

போகும்போது பிள்ளையின் சென்ற ஆண்டுப் பள்ளி நோட்டுகளையும் கொண்டு செல்வோமாக. கையெழுத்து எந்த மாதத்தில் மாறியது என்பதை மருத்துவர் அவற்றில் காண்பார்.