தேக நலமும் கணக்கறிவும்

(நமது சங்கத்தின் வருஷாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



வைத்தியத்திலும், அங்கம் தளர்ந்தோரை மீண்டும் நடமாடச் செய்யும் சிகிச்சையிலும், விளையாட்டுப் பயிற்சியிலும் இந்நாளில் புகுந்து வேலை செய்துவரும் செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசும்படி நம் சங்கக் காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். நான் வைத்தியனல்லேன், யந்திர சாஸ்திரம் கற்றவனுமல்லேன். நாற்பது வருஷ காலம் கடைக்கணக்கு எழுதி ஜீவித்தவன். ஆயினும் அறிந்தோர் வாயிலாகக் கேட்டும் படித்தும் வந்ததில், இஃது அடிப்படையில் ஒரு கணக்குப்பிள்ளையின் காரியமே என்று எனக்குப் புலப்பட்டது. அந்தத் துணிவொன்றையே கொண்டு உங்கள் முன் நிற்கிறேன்.

பழைய மண்டிக் கணக்கர் ஒருவர் பேரேட்டைப் புரட்டிய மாத்திரத்தில், "இந்த ஆசாமிக்கு இனிச் சரக்குக் கடன் கொடுக்க வேண்டாம்" என்பார். காரணம் கேட்டால் உடனே சொல்லத் தெரியாது. ஆயிரம் பேருடைய பற்று வரவைப் பார்த்துப் பழகிய கண் அது. செயற்கை அறிவென்பதும் அப்படிப் பழக்கப்பட்ட கண்ணே. ஆயிரத்துக்குப் பதில் லக்ஷக்கணக்கான குறிப்புக்களைப் பார்த்து அது பழகுகிறது. அக்குறிப்புக்களையே தரவு என்கிறார்கள். இந்த யந்திரக் கணக்கருக்கு இரண்டு குணங்கள் உண்டு. பேரேட்டில் ஏறாததை அவர் அறியார். பேரேட்டில் தவறாக ஏறியதை மெய்யென்றே நம்புவார். இன்று நான் சொல்லப் போவதெல்லாம் இவ்விரண்டு வாக்கியங்களின் விரிவேயன்றி வேறில்லை.

முதலில் என் குடும்பத்து விஷயமொன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். என் பெரியப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். நாற்பத்தைந்து வயதில் அவருக்கு நீரிழிவு கண்டது. அப்போது அவருக்கு விவாகமாகாத பெண்மக்கள் இருவர். வியாதி வெளியே தெரிந்தால் வரன் தட்டிப்போகும் என்று அஞ்சி, அயலூர் வைத்தியரிடம் இரகசியமாகப் போய் வந்தார்; சீட்டுக்களைக் கிழித்தெறிந்தார். நாளடைவில் போவதும் நின்றது. நோவில்லை, பார்வையிலும் குறையில்லை. ஒரு நாள் காலையில் தராசின் முள் தெரியவில்லை என்றார். விழித்திரையில் இரத்தம் கசிந்து விட்டதென்று வைத்தியர் கூறினார். இளைய பெண்ணின் கழுத்தில் மாங்கலியம் ஏறிய முகூர்த்தத்தில் அவர் பந்தலில் உட்கார்ந்திருந்தார். பெண்ணின் முகம் அவருக்குத் தெரியவில்லை. யாருக்காக மறைத்தாரோ அவள் கோலத்தையே அவர் காணவில்லை.

இது ஒரு வீட்டுக் கதையன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆராய்ச்சி, நம் தேசத்தில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. நீரிழிவினால் விழித்திரை கெடுவது ஆரம்பத்தில் அறிகுறி காட்டாது. ஆகையால் வருஷந்தோறும் விழித்திரையைப் பரீக்ஷிக்க வேண்டும். இத்தனை கோடி கண்களைப் பார்க்க வைத்தியர்கள் எங்கே இருக்கிறார்கள்?

இவ்விடத்தில்தான் யந்திரம் உதவிக்கு வந்தது. 2016-இல் கூகுள் நிறுவனத்து ஆராய்ச்சியாளர் ஒரு முறையை வெளியிட்டனர். அமெரிக்காவிலும், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா முதலிய இந்திய மருத்துவமனைகளிலும் எடுத்த விழித்திரைப் படங்கள் 1,28,175-ஐ அதற்குக் காட்டிப் பழக்கினார்கள். ஒவ்வொரு படத்தையும் 54 வைத்தியர்களுள் மூவர் முதல் எழுவர் வரை தனித்தனியே பார்த்துத் தரம் குறித்திருந்தனர். அவ்வாறு பழகிய யந்திரம், தேர்ந்த கண் வைத்தியருக்கு ஒப்பாக நோயைக் கண்டு சொல்லிற்று. 2018 ஏப்ரலில் அமெரிக்க அரசாங்கம், வைத்தியர் உடனிருந்து பார்க்காமலே முடிவு கூறும் வேறொரு விழித்திரைக் கருவிக்கு உத்தரவளித்தது.

இதைக் கேட்டு மகிழலாம், மயங்கலாகாது. அதே கூகுள் நிறுவனத்தார் தங்கள் முறையைத் தாய்லாந்து தேசத்துச் சிறு வைத்திய நிலையங்களில் அனுபவத்துக்குக் கொண்டுவந்தபோது, முதல் ஆறு மாதங்களில் கொடுத்த 1,838 படங்களில் நூற்றுக்கு 21 வீதம் தெளிவில்லையென்று யந்திரம் தள்ளிவிட்டது. பல இடங்களில் படமெடுக்க இருட்டறை இல்லை. அவ்வாறு தள்ளப்பட்டவர்களில், கண்ணில் குறையே இல்லாதவர்களும் வேலையை விட்டு வேறு மருத்துவமனைக்குப் பயணப்பட நேர்ந்தது. சிட்டை சரியாக எழுதாத கடையில் எத்தனை கெட்டிக்காரக் கணக்கரை வைத்தும் பயனென்ன?

சிட்டையைச் செவ்வனே எழுதினால் வரும் நன்மைக்கு நம் ராஜ்யத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 2022-இல் தமிழ்நாடு அரசாங்கத்தார், சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தாருடன் கூடி, காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்பதைத் தொடங்கினர். காசநோய் என்று தெரிந்தவுடன் ஐந்து விஷயங்களைக் குறிக்கிறார்கள்: உயரத்துக்கேற்ற எடை உண்டா, காலில் வீக்கம் உண்டா, நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு, இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு, ஆதாரமின்றி எழுந்து நிற்க முடிகிறதா. அபாயமுள்ளவரைத் தாமதமின்றி ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். இப்படிச் சேர்ந்த கணக்கைக் கொண்டு 2025-இல், ஒருவருக்கு உயிரபாயம் எவ்வளவு என்று முன்கூட்டிக் கணிக்கும் முறையையும் அப்பதிவேட்டுடன் இணைத்தனர். மூச்சை எண்ணுவதும் எழுந்து நிற்கச் சொல்வதும் கிராமத்துத் தாதியும் செய்யக்கூடிய காரியங்கள். அவற்றைத் தவறாமல் எழுதியதே யந்திரத்துக்கு அறிவைக் கொடுத்தது.

இனி, தவறாக அளந்த கணக்கால் விளைந்த கேட்டைச் சொல்லுகிறேன். அமெரிக்காவில், நோய் முதிர்ந்தவர்களைத் தேர்ந்தெடுத்து விசேஷக் கவனிப்பில் சேர்ப்பதற்கு ஒரு கணக்கு முறை வழங்கிவந்தது. 2019-இல் ஆராய்ச்சியாளர் சிலர் அதன் உள்ளே புகுந்து பார்த்தனர். அம்முறை நோயை அளக்கவில்லை. ஒருவருக்கு வைத்தியத்துக்கு எவ்வளவு பணம் செலவாகும் என்பதையே நோயின் அளவாகக் கொண்டிருந்தது. கறுப்பின மக்களுக்கு வைத்திய வசதி எட்டாமையால் அவர்களுக்கு ஆன செலவு குறைவு. ஆகவே அவர்கள் ஆரோக்கியமுள்ளவர்களென்று யந்திரம் முடிவு கட்டிற்று. அந்தக் குற்றத்தைத் திருத்தினால், விசேஷக் கவனிப்புக்குரியோரில் கறுப்பின மக்களின் பங்கு நூற்றுக்கு 17.7-இலிருந்து 46.5 ஆக உயரும் என்று அவர்கள் காட்டினார்கள். அம்முறையை அமைத்தவர்கள் எவரையும் வெறுத்துச் செய்தவர்களல்லர். தவறான படிக்கல்லைத் தராசில் வைத்தார்கள், அவ்வளவே.

தாய்மார்களே, இது உங்களுக்கு அந்நியமான விஷயமா? நம் வீடுகளில் புருஷனுக்குத் தலைவலி என்றால் ஸ்கேன்; பெண்டாட்டிக்கு மாரடைப்பென்றால் வாய்வு என்று ஒரு கஷாயம். அவள் பெயரில் ஒரு சீட்டில்லை, ஒரு ரூபாய்ச் செலவில்லை. நாளைக்கு ஒரு யந்திரம் நம் ஊர்க் கணக்கைப் பார்த்து, இவ்வூர்ப் பெண்களுக்கு இருதய நோயே கிடையாது என்று சொன்னால், பிழை யந்திரத்தினுடையதா, நம்முடையதா?

இனி அங்கம் தளர்ந்தோர் விஷயம். வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார் 1954-இல் ஒரு மோட்டார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே ரண சிகிச்சை செய்தார். பின்னர் அமெரிக்கா சென்று மறுவாழ்வு வைத்தியம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் ஏற்பட்டதற்கு அவருடைய உழைப்பு காரணமாயிற்று. இழந்ததைக் கணக்கிடாமல் எஞ்சியிருப்பதைக் கணக்கிட வேண்டும் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

பக்கவாதம் வந்தவரின் கை மீளுமா என்பதைக் கணிக்க நியூஜிலாந்து ஆராய்ச்சியாளர் 2017-இல் ஒரு முறையை வெளியிட்டனர். நோய் கண்ட மூன்றாம் நாளுக்குள் தோளைப் பக்கவாட்டில் எவ்வளவு தூக்குகிறார், விரல்களை எவ்வளவு நீட்டுகிறார் என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இடுவார்கள். இரண்டும் சேர்ந்து ஐந்தாவது இருந்து, வயதும் எண்பதுக்குள் இருந்தால், கை மிக நன்றாக மீளும் என்பது முடிவு. மதிப்பெண் குறைந்தவர்களுக்கு மேலும் சில பரீக்ஷைகள் உண்டு. இம்முறை நூற்றுக்கு 75 பேர் விஷயத்தில் சரியாயிருந்தது. அப்படியாயின் நால்வரில் ஒருவருக்குப் பிழைத்தது என்றும் பொருள். ஆதலின் பயிற்சியை எப்படி அமைப்பது என்பதற்கு இக்கணக்கைக் கேளுங்கள். பயிற்சியை நிறுத்துவதற்கு இதைச் சாக்காகக் கொள்ளாதீர்கள்.

வைத்தியர் முன்னிலையில் கையைத் தூக்கிக் காட்டுபவர், வீட்டுக்கு வந்தவுடன் அதை மடியில் கிடத்திவிடுவதும் உண்டு. மணிக்கட்டில் கட்டும் சிறு கருவியொன்று நாள் முழுவதும் கை எத்தனை அசைந்தது என்பதை எழுதிவிடுகிறது. அந்தக் கருவி வைத்தியருக்கு உண்மையைச் சொல்லும். ஆனால், "இன்று நீங்களே தம்ளரைப் பிடியுங்கள் மாமா" என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதற்கு ஒரு மனுஷர் வேண்டும்.

விளையாட்டிலும் இதே நியாயந்தான். கார்ல் பாஸ்டர் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் வகுத்த அளவு மிக எளிது. பயிற்சி முடிந்தபின், எவ்வளவு கடினமாயிருந்தது என்று பிள்ளையையே கேட்டுப் பத்துக்கு மதிப்பெண் வாங்கி, அதைப் பயிற்சி நிமிஷங்களால் பெருக்க வேண்டும். கடினம் ஏழு, நிமிஷம் அறுபது என்றால் அன்றைய பாரம் 420. வேகப் பந்து வீச்சாளர்களைப் பற்றி 2014-இல் வெளியான ஆராய்ச்சியொன்று, பழகிய அளவுக்கு மேல் ஒரு வாரத்தில் திடீரென்று பாரம் ஏறினால், அதை அடுத்துக் காயமுண்டாகும் அபாயம் மிகுவதைக் கண்டது. அதிலிருந்து இவ்வார பாரத்துக்கும் முன் வாரங்களின் சராசரிக்கும் ஒரு விகிதம் கட்டி, அதையே வேதவாக்காக்கினர் பலர். பின்னர் கணிதமறிந்தோர் அந்த விகிதத்தின் குறைகளை எடுத்துக் காட்டினார்கள். ஒன்றாக வருவன யாவும் காரண காரியமாகா என்பதே அவர்கள் வாதம். ஆயினும், வருஷம் முழுவதும் பந்தைத் தொடாத பையனை விடுமுறைப் பந்தயத்தில் நாளெல்லாம் வீசச் சொல்லலாகாது என்ற எளிய புத்தி அதனால் பொய்யாகிவிடவில்லை.

நம் பெண் குழந்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. விளையாட்டு வைத்தியப் பத்திரிகைகள் மூன்றில் 2011 முதல் 2013 வரை வெளியான 1,382 கட்டுரைகளை ஆராய்ந்து 2014-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பரீக்ஷிக்கப்பட்டோரில் பெண்கள் நூற்றுக்கு 39 வீதமே. ஆணின் தேகத்தைப் பார்த்துப் பழகிய கண், பெண்ணின் முழங்காலைச் சரியாகக் காணும் என்று எப்படி நம்புவது?

சகோதரர்களே, இவ்வளவும் கேட்டபின் நாம் செய்யத்தக்கது யாது? வீட்டுக்கொரு நோட்டுப் புத்தகம் வைப்போம். வயது வந்த ஒவ்வொருவர் பெயரிலும், பெண்களை விடாமல், எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைத் தேதியுடன் எழுதுவோம். நீரிழிவுள்ளவர் வருஷத்துக்கொருமுறை விழித்திரைப் படம் எடுத்துக் கொள்ளட்டும். விளையாடும் பிள்ளைகளின் பாரத்தை அவர்களே எழுதப் பழக்குவோம். யந்திரம் ஒன்று சொன்னால், எதை அளந்து சொன்னது, யாரைப் பார்த்துப் பழகியது என்று வைத்தியரைக் கேட்போம்.

அந்த நோட்டுப் புத்தகம் அவரவர் வீட்டில்தான் இருக்க வேண்டும். சங்கத்து அலமாரியில் அன்று. பிறர் நம் தேகக் கணக்கைக் கேட்டால், எதற்கென்று விசாரித்தே சம்மதிக்க வேண்டும். 2023-இல் நம் பாராளுமன்றம் இயற்றிய எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையையும் வகுத்திருக்கிறது.

ஆனால் சட்டத்தால் ஆகாத காரியம் ஒன்றுண்டு. நோயைச் சொன்னால் சம்பந்தம் தட்டும் என்ற பயம் இருக்குமட்டும், நம் பேரேடு பொய்ப் பேரேடாகவே இருக்கும். அந்தப் பயத்தை உண்டாக்கியவர்கள் வேறெங்கோ இல்லை. இந்தப் பந்தலில் உட்கார்ந்திருக்கும் நாமேதான். வரன் பார்க்கும்போது, "தகப்பனாருக்குச் சர்க்கரையாமே" என்று உதட்டைப் பிதுக்குபவர் நாமே. அவ்வார்த்தையை இனி நம் வீடுகளில் எவரும் சொல்வதில்லை என்று இன்று ஒரு தீர்மானம் செய்யும்படி இம்மகாசபையை வேண்டிக் கொள்கிறேன். அதற்கு யந்திரமும் வேண்டாம், பணமும் வேண்டாம். அத்தீர்மானம் நாற்பது வருஷத்துக்கு முன் நிறைவேறியிருந்தால், என் பெரியப்பா தம் பெண்ணின் கலியாணத்தைக் கண்ணாரக் கண்டிருப்பார்.