எல்லைப் பள்ளிகளும் தொலைத்திரையும்

(பாலக்காடு, இடுக்கி மாவட்ட எல்லைப் பகுதிகளைச் சேர்ந்த ஆசிரியர்கள், அலுவலர்கள், மாணவர்கள் ஆகியோரிடையே ஆற்றிய உரை)



கேரளப் பள்ளிகளில் கணினிக் கல்வியைப் பரப்பும் பொருட்டு ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2001ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டது. 2017இல் அது ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாக மாற்றியமைக்கப்பட்டது. அரசுப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளான லினக்ஸ் பரவலாகப் பயன்பட்டு வருவதைத் தாங்கள் அறிவீர்கள். சித்தூர் வட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலும், தேவிகுளம் வட்டத்து மறையூர், வட்டவடை போன்ற மலையூர்களிலும் தமிழ் பேசும் குடும்பத்துப் பிள்ளைகள் இக்கணினிகளின் முன் அமர்கின்றனர். ஆனால் கணினி பழுதுற்றால், அதனை அறிந்தவர் மலை ஏறி வர வேண்டும். அரை மணி நேர வேலைக்கு ஒரு நாள் கழிந்துவிடும்.

இக்குறையைப் போக்க வல்லது, ரிமோட் டெஸ்க்டாப் எனப்படும் தொலைத்திரை. மறையூரில் உள்ள கணினியின் திரையைத் தொடுபுழையில் இருந்தவாறே கண்டு இயக்கலாம். ஆயினும் இத்தொலைத்திரையே பழுதுறுவதுண்டு. திரை கறுத்துப் போனதைக் கண்டு, கணினியே கெட்டுவிட்டதெனக் கருதி எல்லாவற்றையும் அழித்து மீண்டும் நிறுவிவிடுவோர் உளர். பிள்ளைகளின் ஓராண்டு உழைப்பு அதனோடு போய்விடும். ஆகவே பழுதின் இருப்பிடத்தை முதலில் அறிதல் இன்றியமையாதது.

இணைப்பு கிட்டவில்லையெனில், அது எவ்வாறு கிட்டவில்லை என்று பாருங்கள். உடனடியாக ‘மறுக்கப்பட்டது’ என்று செய்தி வருமாயின் பெரும்பாலும் நற்செய்தியே. கணினி உயிருடன் உள்ளது, வழியும் திறந்துள்ளது, தொலைத்திரை நிரல் மட்டும் அங்கே ஓடவில்லை என்பது பொருள். நெடுநேரம் காத்திருந்தும் மறுமொழியே இல்லையெனில், மின்சாரம் இல்லை, அல்லது பாதை அறுந்துள்ளது, அல்லது இடையே ஒரு தடுப்புச் சுவர் செய்திகளை விழுங்குகிறது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் வீணாகும் நேரம் மிகுதி.

இணைப்புக் கிட்டிய பின்னரும் திரை கறுப்பாகவே இருப்பது அடுத்த தொல்லை. இங்கே வலையமைப்பைக் குறை கூறுவதில் பயனில்லை. வி.என்.சி. முறையில் இணைப்பு தொடங்கிய போதிலும் அதனுள் மேசைத்திரை தொடங்காமல் இருக்கலாம். தொடக்கக் கோப்பைத் திருத்த வேண்டும். லினக்ஸ் கணினியில் ஆர்.டி.பி. முறையைப் பயன்படுத்துவோர், அதே பயனர் பெயரில் ஒருவர் கணினியின் முன்னரே அமர்ந்திருக்கிறாரா என்று கேளுங்கள். அவரை வெளியேறச் சொன்னாலே பல வேளைகளில் திரை தெளிந்துவிடும். அண்மைக் கால லினக்ஸ் பதிப்புகள் எக்ஸ் முறையை விட்டு வேலாண்டு முறைக்கு மாறியுள்ளன. பழைய தொலைத்திரை நிரல்களுக்கு அது புலப்படாது. உள்நுழையும்போது எக்ஸ் முறையைத் தேர்ந்துகொள்ளும் வசதி இருப்பின், அதுவே எளிய வழி.

மூன்றாவது, விந்தையான ஒரு பழுது. கடவுச்சொல் கேட்கும், ஏற்கும். படம் வரத் தொடங்கியதும் உறைந்துவிடும். சிறு பொட்டலங்கள் செல்கின்றன, பெரியவை செல்லவில்லை என்பதற்கு இது அடையாளம். ஈதர்நெட் வலையில் ஒரு பொட்டலத்தின் எல்லை 1500 பைட்டுகள். தொலைபேசிக் கம்பி வழியாக வரும் பிராட்பேண்டில் அது பொதுவாக 1492 மட்டுமே. எல்லையைக் குறைத்து அமைத்தால் உறைந்த திரை அசையும்.

மந்தமாக ஓடும் திரைக்குக் கணக்கே மருந்து. 1024க்கு 768 புள்ளிகள் கொண்ட திரையை முழு நிறத்தில் சுருக்காமல் அனுப்பினால் ஏறத்தாழ 30 இலட்சம் பைட்டுகள். விநாடிக்கு 512 கிலோபிட் செல்லும் இணைப்பில் அதற்கு 49 விநாடிகள் ஆகும். நிறத்தை 8 பிட்டாகக் குறைத்தால் 12 விநாடிகள். சுவர்ப்படத்தை நீக்கி ஒற்றை நிறம் வைத்தால், சுருக்கும் முறைகளுக்கு வேலை மேலும் எளிதாகும். பலர் மலைக்காட்சியைச் சுவர்ப்படமாக வைத்துக்கொண்டு வேகம் இல்லையென வருந்துகின்றனர். மலை சன்னலுக்கு வெளியே இருக்கிறதே!

ஆனால் அகலம் வேறு, தாமதம் வேறு. புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. அதன் வழியே ஒரு கேள்வி சென்று விடை திரும்ப ஏறத்தாழ அரை விநாடி ஆகும். 1984இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிறந்த எக்ஸ் முறை, ஒரு சாளரத்தைத் திறக்கவே பன்முறை கேட்டு விடை பெறுவது. 200 முறை கேட்டால் 100 விநாடிகள். இங்கே அகலத்தைக் கூட்டிப் பயனில்லை. படமாக அனுப்பும் வி.என்.சி. போன்ற முறைக்கு மாறுவதே அறிவுடைமை. 2023 ஜூன் 5 அன்று தொடங்கப்பெற்ற கே-ஃபோன் திட்டத்தின் ஒளியிழை மின்கம்பங்களின் வழியே எட்டும் இடங்களில் இத்தாமதத் தொல்லை வெகுவாகக் குறையும். எல்லையோர ஊர்களில் கைபேசியை நம்பி இணைவோருக்கோ வேறொரு இடர்: கருவி தமிழ்நாட்டுக் கோபுரத்திற்குத் தாவினால் இணைய முகவரி மாறி, இணைப்பு அறுந்துவிடலாம். வலையமைப்பைக் கையால் தேர்ந்து நிறுத்திவிடுங்கள்.

நம் பள்ளிகளுக்கே உரிய சிக்கல் ஒன்றுண்டு. தமிழ் 99 விசைப்பலகையை இரு முனைகளிலும் அமைத்தால் எழுத்துகள் குழம்பும். வி.என்.சி. முறை விசையின் இடத்தை அன்று, அதன் எழுத்தை அனுப்புகிறது. ஆகவே தங்கள் முனையில் ஆங்கிலத்தை வைத்து, தொலைவில் உள்ள கணினியில் மட்டும் தமிழைத் தேர்ந்துகொள்க. தமிழெழுத்து கட்டங்களாகத் தோன்றினால், வி.என்.சி.யில் எழுத்துரு தொலைக் கணினியில் இல்லை என்றே பொருள். தங்கள் கணினியில் அதனை நிறுவுவதால் எப்பயனும் விளையாது.

அலுவலர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது பாதுகாப்பு. பழைய வி.என்.சி. முறையில் கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்துகளே கணக்கில் கொள்ளப்படும். 5900, 3389 ஆகிய வாயில்களை இணையத்திற்கு நேரடியாகத் திறந்து வைத்தல் ஆகாது, எஸ்.எஸ்.எச். என்னும் மறைகுறிப் பாதையின் உள்ளேயே இணையுங்கள். வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி எனிடெஸ்க் போன்ற தொலைத்திரைச் செயலியை நிறுவச் செய்து பணம் பறிப்பது குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியில் எச்சரித்தது. ஓய்வூதியம் பெறும் முதியோர் தங்களிடம் வந்து கேட்டால், தாமே அழைத்திராத எவருக்கும் திரையைக் காட்ட வேண்டாம் எனச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. மலைப் பகுதியில் சித்திரை, வைகாசியிலும் ஐப்பசியிலும் இடி மிகுதி. மழை ஓய்ந்த மறுநாள் தொலைத்திரை வரவில்லையெனில், மென்பொருளைத் தொடுவதற்கு முன் மோடத்தின் விளக்கு எரிகிறதா என்று ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.