ஒரு நடிகர், பல முகங்கள்

திருவண்ணாமலையை வலம் வருவோர் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நடக்கின்றனர். வழி நெடுக மலையின் தோற்றம் மாறிக்கொண்டே வருகிறது, மலை ஒன்றேதான். நடிகர் டி. எஸ். பாலையாவை எண்ணும்போது அந்த நடைதான் என் நினைவுக்கு வருகிறது.

1936ஆம் ஆண்டு வெளிவந்த 'சதி லீலாவதி'யில் அவர் தீயவராகத் தோன்றினார். மறு ஆண்டு 'அம்பிகாபதி'யிலும் அத்தகைய வேடமே. கொடியவராக ஒருமுறை பெயர் பெற்றவரை வேறு உருவில் ஏற்க மக்கள் மனம் எளிதில் இசைவதில்லை. பாலையா அந்த வேலியைத் தாண்டினார்.

1964இல் வந்த 'காதலிக்க நேரமில்லை'யில் மகன் திகில் கதை சொல்கிறான். தந்தையான பாலையா கேட்கிறார். பேச்செல்லாம் நாகேஷுடையது, அச்சமெல்லாம் பாலையாவின் முகத்தில். கேட்பவர் மெய்யாகவே நடுங்குவதால் அன்றோ நமக்குச் சிரிப்பு வருகிறது? 1965இல் 'திருவிளையாடல்' படத்தில் செருக்கு மிகுந்த ஏமநாத பாகவதர். பாடிய குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது. அந்தச் செருக்கோ பாலையாவுடையது. விறகுவெட்டியின் பாட்டைக் கேட்டதும் அது அடங்கிப்போவதையும் அவர் முகமே கூறிவிடுகிறது. 1968இல் 'தில்லானா மோகனாம்பா'ளில் தவில் வித்துவான்.

1972இல் அவர் மறைந்தார். நான் கூறிய படங்களில் ஒன்றிலேனும் அவர் கதைத்தலைவர் அல்லர். ஆயினும் அவரை நீக்கிவிட்டு அக்காட்சிகளை நினைக்க இயலுமோ? கல்லூரி நாடகத்தில் சிறு வேடமே கிட்டியது என்று வாடும் மாணவர் இதனைச் சிந்திப்பாராக.