யார் வீட்டு உப்பு?



நாங்கள் ஐயா என்று அழைத்த ஆசிரியரிடம் நான் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்தேன். அரையாண்டுத் தேர்வு முடிந்த ஒரு மாலை, உடன் படித்தவனின் தகப்பனார் ஒரு தார் பூவன் பழத்தைக் கொண்டுவந்து ஐயா வீட்டுத் திண்ணையில் இறக்கினார். ஐயா வாங்கவில்லை. “மார்க் கேட்டா வந்தேன் வாத்தியாரே? தோட்டத்துல விளைஞ்சது” என்று அவர் முகம் வாடினார். “நீங்க கேக்க மாட்டீங்க. கேட்டாலும் நான் போட மாட்டேன். ஆனா தாளைத் திருத்தும்போது பழம் நினைப்புக்கு வருமே” என்றார் ஐயா. இன்றைய என் பேச்சு அந்த ஒரு வாக்கியத்துக்கான உரைதான்.

அந்த நினைப்புக்குத் தமிழில் செஞ்சோற்றுக் கடன் என்று பெயர். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் பழமொழி. கர்ணனுக்கு யாரும் லஞ்சம் கொடுக்கவில்லை. நியாயம் எந்தப் பக்கம் என்று தெரிந்தும் அவனை நகரவிடாமல் கட்டிப்போட்டது நன்றிதான். தனி மனிதரிடம் அது அறம். ஊருக்குச் சட்டம் எழுதுகிறவரிடம் இருந்தால் ஊருக்கு ஆபத்து. லஞ்சத்தைப் பிடிக்கச் சட்டப் பிரிவு இருக்கிறது, நன்றியைப் பிடிக்க இல்லை. பெருநிறுவனங்களின் தேர்தல் பணம் வாங்குவது பெரும்பாலும் இந்த நன்றியைத்தான். அமெரிக்க இளைஞர்கள் சிலர் இதைக் கண்டுகொண்ட விதத்தைச் சொல்லவே வந்தேன்.

நிறுவனங்கள் வேட்பாளர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுப்பதை அமெரிக்கா 1907-லேயே தடை செய்தது. ஆனால் அணை கட்டினால் தண்ணீர் பக்கவாட்டில் வழி தேடும். நிறுவன அதிகாரிகளும் பங்குதாரர்களும் பணம் போட்டு நடத்தும் ‘பேக்’ எனும் அரசியல் நிதிக் குழுக்கள் வந்தன. அப்படியொரு குழு ஒரு வேட்பாளருக்குத் தேர்தல் ஒன்றுக்கு 5,000 டாலர் வரை தரலாம். கட்சிகளுக்கோ வரம்பே இல்லாமல் பணம் போயிற்று.

இதை எதிர்த்து நடைப்பயணம் போனவர் ஓர் இளைஞர் அல்லர், ஒரு பாட்டி. ‘கிரானி டி’ என்று அறியப்பட்ட டோரிஸ் ஹாடாக், 1999 ஜனவரி முதல் நாள் கலிஃபோர்னியாவில் கிளம்பி 5,000 கிலோமீட்டருக்கு மேல் நடந்து, 2000 பிப்ரவரி இறுதியில் வாஷிங்டன் சேர்ந்தார். சேரும்போது வயது 90. கட்சிகளுக்கு அந்தப் பணம் போன வழியை 2002-ல் வந்த மெக்கெய்ன் - ஃபைன்கோல்ட் சட்டம் அடைத்தது. 2010 ஜனவரி 21 அன்று, அவருடைய நூறாவது பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்பு, உச்ச நீதிமன்றம் ‘சிட்டிசன்ஸ் யுனைடெட்’ வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. வேட்பாளரோடு கலந்துகொள்ளாமல் தனித்துச் செலவழிக்கும்வரை நிறுவனங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்றது. ஒருவரின் நல்லெண்ணத்தைப் பெறுவதும் அவரை எளிதில் அணுக முடிவதும் ஊழல் ஆகாது என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் கருத்து. பாட்டி அந்த மார்ச் மாதம் காலமானார். அப்படித் தனித்துச் செலவழிக்க வரம்பின்றிப் பணம் திரட்டும் ‘சூப்பர் பேக்’குகள் அதே ஆண்டு பிறந்தன.

நீதிமன்றம் குற்றமில்லை என்று விட்ட இடத்தைத்தான் இளைஞர்கள் பிடித்தார்கள். 2017-ல் தொடங்கியது ‘சன்ரைஸ்’ இயக்கம். நிறுவியவர்களுள் ஒருவரான வர்ஷினி பிரகாஷ் இந்திய வம்சாவளியினர். புவி வெப்பமடைவதைத் தடுக்கும் சட்டங்கள் ஏன் நிறைவேறுவதில்லை என்று கேட்டுப் போனவர்கள், எண்ணெய், எரிவாயு, நிலக்கரி நிறுவனங்களின் பணத்தில் வந்து நின்றார்கள். 2018 நவம்பர் 13 அன்று பிரதிநிதிகள் சபையில் ஜனநாயகக் கட்சியின் தலைவரான நான்சி பெலோசியின் அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். 51 பேர் கைதானார்கள். பெலோசி எதிரணிக்காரர் அல்லர். அவர் கட்சி அப்போதுதான் பிரதிநிதிகள் சபையை வென்றிருந்தது. தங்களுக்கு வேண்டியவர் வீட்டு வாசலில் உட்கார்ந்துதான் “யார் வீட்டு உப்பு?” என்று கேட்டார்கள். சபையில் ஒரு சிறப்புக் குழு வேண்டும், அதன் உறுப்பினர்கள் எண்ணெய்ப் பணம் வாங்காதவர்களாக இருக்க வேண்டும் என்பது கோரிக்கை. 2019-ல் குழு அமைந்தது. பணம் பற்றிய நிபந்தனை அதில் இல்லை.

அவர்கள் கையிலிருந்த இன்னொரு கருவி ஓர் உறுதிமொழித் தாள். எரிபொருள் நிறுவனங்களின் உயர் அதிகாரிகள், தரகர்கள், நிதிக் குழுக்கள் ஆகியோரிடமிருந்து 200 டாலருக்கு மேல் வாங்க மாட்டேன் என்று வேட்பாளர் கையெழுத்திட வேண்டும். 200 டாலரைத் தாண்டி ஒருவர் கொடுத்தால், அவர் பெயரும் வேலையும் முதலாளியும் கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தின் பதிவில் ஏறும். கல்லூரி மாணவர் ஒருவர் அறையில் உட்கார்ந்தபடியே சரிபார்க்கலாம்.

சரிபார்க்கவும் செய்தார்கள். உறுதிமொழியில் கையெழுத்திட்ட ஜோ பைடனிடம், 2019 செப்டம்பரில் தொலைக்காட்சி மேடையில் ஓர் ஆராய்ச்சி மாணவர் எழுந்து, எரிவாயு நிறுவனமொன்றைத் தொடங்கியவர்களில் ஒருவர் நடத்தும் நிதி திரட்டும் கூட்டத்துக்கு நாளை போகிறீர்களே என்று கேட்டார். அவர் அங்கே உயர் அதிகாரி இல்லையே என்பது பைடன் தரப்பின் பதில். சட்டப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் பழம் நினைப்புக்கு வருமா வராதா என்பதுதான் கேள்வி.

மறுதரப்பிலும் நியாயம் உண்டு. ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழு 2018 ஜூனில் எரிபொருள் நிறுவன நிதிக் குழுக்களின் பணத்தை மறுத்தது. ஆகஸ்டிலேயே பின்வாங்கியது. அத்துறைத் தொழிலாளர்களை அந்நியப்படுத்தக் கூடாது என்றது. எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்பவரும் வாக்காளர்தானே? தவிர, உறுதிமொழி சூப்பர் பேக்கைத் தொடாது. கிடைத்ததும் முழுதாக நிலைக்கவில்லை: 2022-ல் பருவநிலைக்குப் பெருநிதி ஒதுக்கிய சட்டம் வந்தது. அதன் வரிச்சலுகைகளில் பலவற்றை 2025 ஜூலையில் இன்னொரு சட்டம் வெட்டியது. வெற்றிக் கதை என்று இதை உங்களிடம் விற்க மாட்டேன்.

நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. அந்த மாணவரால் கேட்க முடிந்ததற்குக் காரணம், கொடுத்தவர் பெயர் ஊருக்குத் தெரிந்ததுதான். இங்கே இந்தியாவில், கட்சிகளுக்குப் பணம் தரும் வழியாக 2018 முதல் இருந்த தேர்தல் பத்திரங்கள் அந்தப் பெயரை மறைத்தன. கொடுப்பது யார் என்று அறிவது வாக்காளரின் உரிமை என்று சொல்லி, 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அத்திட்டத்தை ரத்து செய்தது. பட்டியல் வெளிவந்த பிறகுதான், மிக அதிகமாக, 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியது கோயம்புத்தூரைச் சேர்ந்த லாட்டரி நிறுவனம் என்று நமக்கே தெரிந்தது. மாணவச் செல்வங்களே, உப்புப் போட்டவர் யார் என்று தெரியாத ஊரில், யார் வீட்டு உப்பு என்று எவரிடம் போய்க் கேட்பீர்கள்? முதல் போராட்டம் பட்டியலுக்கானது.

ஐயாவிடம் வருகிறேன். பழத்தார் வாங்கக் கூடாது என்று எந்த அரசாணையும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் திண்ணையில் வைத்து, தெரு பார்க்க, திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு நான் அந்தப் பள்ளியை விட்டுப் போகும்வரை அந்தத் திண்ணைக்கு ஒரு சீப்புப் பழம்கூட வரவில்லை.