சொல்பேச்சு கேளாத ஜப்பானியர்



'ஜப்பானிய மாமனிதர்கள்' என்று அழைப்பிதழில் தலைப்பைப் போட்டுவிட்டார்கள். அந்தத் தலைப்பு ஒரு மாதத் தொடர் சொற்பொழிவுக்கு உரியது. எனக்குக் கொடுத்திருப்பதோ சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் எஞ்சிய கொஞ்ச நேரம். ஆகவே நொபுனாகா, ஹிதேயோஷி, இயேயாசு என்று வாளெடுத்த வரிசைக்குள் நான் போகப்போவதில்லை. அவர்களுக்குத் திரைப்படங்கள் இருக்கின்றன.

நம் மேடைகளில் ஜப்பான் என்றால் ஒரு கதை உண்டு. உங்களில் பாதிப்பேர் கேட்டிருப்பீர்கள். அங்கே தொழிலாளிக்குக் கோபம் வந்தால் வேலையை நிறுத்தமாட்டானாம். இரண்டு மடங்கு வேலை செய்து முதலாளியைத் திணறடிப்பானாம். செருப்புத் தொழிற்சாலையில் இடது கால் செருப்பை மட்டும் மலைபோலக் குவிப்பானாம். நாமும் கைதட்டுவோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1960இல் மீகே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் பல மாதம் வேலையை நிறுத்திப் போராடினார்கள். 1975 நவம்பர் கடைசியில் தேசிய ரயில்வே ஊழியர்கள் எட்டு நாள் ரயிலையே ஓடவிடவில்லை. அடங்கி நடப்பதுதான் ஜப்பானியரின் ரகசியம் என்று நமக்குச் சொல்லித்தருகிறவர்கள், பெரும்பாலும் நாம் அடங்கி நடக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள். இது என் கட்சி. எனவே இன்றைக்கு, சொன்ன பேச்சைக் கேட்காத சில ஜப்பானியர்களைப் பற்றிப் பேசுகிறேன்.

முதலில் ஒரு பெண். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், கியோட்டோ அரண்மனையில் இருந்தவர். உலக இலக்கியத்தின் முதல் பெரும் நாவல் என்று பலர் மதிக்கும் 'கென்ஜியின் கதை'யை, 54 அத்தியாயங்களில் எழுதியவர். முராசாகி ஷிகிபு என்கிறோமே, அது அவர் பெயரே கிடையாது. ஷிகிபு என்பது அப்பா வகித்த பதவியிலிருந்து வந்தது. முராசாகி அவருடைய கதாநாயகி ஒருத்தியின் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் உறுதியாகத் தெரியவில்லை. அண்டை வீட்டு அம்மாளை 'வாத்தியார் வீட்டம்மா' என்றே அழைத்து, அவர் பெயரைக் கடைசிவரை கேட்காமலேயே இருந்துவிடுகிற நமக்கு இது புரியும்.

அந்தக் காலத்தில் சீன மொழிக் கல்வி ஆண்களுடைய சொத்து. தம்பிக்கு அப்பா பாடம் சொல்லிக்கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டே இந்தப் பெண் கற்றுக்கொண்டார். இவள் ஆண்பிள்ளையாகப் பிறக்கவில்லையே என்று அப்பா வருந்தியதை அவரே நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். படித்தவள் என்று தெரிந்தால் அரண்மனையில் ஏளனம் செய்வார்கள் என்று, ஒன்று என்ற எளிய சீன எழுத்துகூடத் தெரியாதவர் போல நடித்தார். அப்படி நடித்துக்கொண்டே, யாருக்கும் தெரியாமல் அரசிக்குச் சீனக் கவிஞர் பை ஜூயியின் கவிதைகளைப் பாடம் நடத்தினார். மீறல் என்றால் கொடி பிடிப்பது மட்டுமா? இதுவும் மீறல்தான்.

அந்த நாவலைத் தற்கால ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி யோசானோ அகிகோ. சக்காய் நகரத்து மிட்டாய்க் கடைக்காரரின் மகள். கென்ஜிக்காக அவர் பல ஆண்டுகள் எழுதிய கைப்பிரதி 1923 நிலநடுக்கத் தீயில் சாம்பலானது. மறுபடி உட்கார்ந்து எழுதினார். பதினொரு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு எழுதினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1904இல் ரஷ்யப் போர் உச்சத்தில் இருந்தபோது, போர்முனையில் இருந்த தம்பியைச் சாகாதே என்று கேட்டு ஒரு கவிதை வெளியிட்டார். பேரரசர் தாம் போர்க்களத்துக்குப் போவதில்லையே என்றும் அதில் கேட்டுவிட்டார். துரோகி என்று வசை வந்தது. கவிதையை அவர் திரும்பப் பெறவில்லை. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. 1942இல், கடற்படையில் சேர்ந்த தம் மகனை வீரத்தோடு போரிடச் சொல்லி எழுதியவரும் இதே அகிகோதான். ஒரு வயதில் துணிந்தவர் வாழ்நாள் முழுக்கத் துணிந்தவராகவே இருந்துவிடுவதில்லை.

அப்படி இருந்தவர் ஒருவர் உண்டு. இன்றைக்கு நான் வந்ததே அவருக்காகத்தான். தனகா ஷோசோ.

1841இல் தோச்சிகி மாவட்டத்தில் பிறந்தவர். கிராமத் தலைவர் வீட்டுப் பிள்ளை. 1890இல் ஜப்பானின் முதல் பொதுத்தேர்தலில் நாடாளுமன்ற உறுப்பினரானார். அவருடைய தொகுதியில் வதராசே என்றொரு ஆறு. அதன் தலைப்பகுதி மலையில் ஆஷியோ செப்புச் சுரங்கம். நாட்டுக்கே செம்பு கொடுத்த சுரங்கம். உருக்கு உலைப் புகையில் மலை மொட்டையானது. மரம் போன மலை மழைநீரைப் பிடித்துவைக்குமா? வெள்ளம் அடிக்கடி வந்தது. வெள்ளத்தோடு சுரங்கக் கழிவும் வயலுக்கு வந்தது. மீன் செத்தது. நெல் பட்டுப்போனது.

1891இல் அவையில் எழுந்து, இந்தச் சுரங்கத்தை ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டார். கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய வேளாண்மை, வணிகத் துறை அமைச்சர் முட்சு முனெமிட்சு. அவர் மகன் யார் வீட்டுக்குத் தத்துப் போயிருந்தார் தெரியுமா? சுரங்க முதலாளி ஃபுருகாவா இச்சிபேய் வீட்டுக்கு. (முன்வரிசையில் சிரிக்கிறார்கள். இது ஜப்பானில் நடந்தது தம்பி, ஜப்பானில்.)

பத்து ஆண்டு கேட்டார். 1900 பிப்ரவரியில், மனுக் கொடுக்க டோக்கியோவுக்கு நடந்து போன விவசாயிகளைக் கவாமாத்தா என்ற இடத்தில் போலீஸ் அடித்துத் துவைத்துச் சிறையில் அடைத்தது. சில நாள் கழித்து ஷோசோ அவையில் பேசினார். நாடு அழிந்துகொண்டிருப்பது ஆள்பவர்களுக்குத் தெரியவில்லை, தெரியாமல் இருப்பதே அழிவு என்பது அந்த உரையின் சாரம். பிரதமர் யமகாத்தா அரிதோமோ தந்த பதில் இன்னும் பிரபலம்: கேள்வியின் பொருள் விளங்கவில்லை, ஆகவே பதில் இல்லை.

1901இல் பதவியை விட்டார். அந்த ஆண்டு டிசம்பர் 10, நாடாளுமன்றத் திறப்பு முடிந்து மெய்ஜி பேரரசரின் வண்டி வந்துகொண்டிருந்தது. அறுபது வயதுக் கிழவர் ஒருவர் மனுவை நீட்டிக்கொண்டு கூட்டத்திலிருந்து ஓடிவந்தார். பேரரசர் முகத்தை நேரே பார்ப்பதே பெருங்குற்றம் போலக் கருதப்பட்ட காலம். மெய்க்காவலர்கள் பாய்ந்தார்கள், மனு வண்டியை எட்டவில்லை. வழக்குப் போட்டால் சுரங்கக் கதை நீதிமன்றம் ஏறும். ஆகவே சித்தம் கலங்கிய கிழவர் என்று சொல்லி அன்றே வெளியே அனுப்பிவிட்டார்கள். தண்டிப்பதைவிடக் கொடுமையான அவமதிப்பு அது.

அதோடு ஓய்ந்திருந்தால் அவரை ஒரு தியாகி என்று சொல்லி நிறுத்தியிருப்பேன். அரசு அடுத்து ஒரு திட்டம் போட்டது. வெள்ளத்தைத் தேக்கிவைக்க ஒரு நீர்த்தேக்கப் பகுதி, அதற்காக யனாக்கா என்ற கிராமத்தையே காலி செய்வது. நஞ்சைக் கொட்டியவனின் சுரங்கம் ஓடும், நஞ்சில் நனைந்தவனின் ஊர் மூழ்கும். ஷோசோ 1904இல் அந்தக் கிராமத்துக்கே குடிபோனார். 1907இல் மிச்சமிருந்த பதினாறு வீடுகளை அதிகாரிகள் இடித்தார்கள். மக்கள் இடிபாட்டின் மேலேயே குடிசை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். நாடாளுமன்றம் தெரிந்த மனிதர், எழுதப்படிக்கத் திணறிய அந்த விவசாயிகளிடம்தான் தாம் கற்க வேண்டியிருக்கிறது என்ற முடிவுக்கு அங்கேதான் வந்தார். ஆற்றின் மேலும் கீழும் நடந்து நீரோட்டத்தைக் குறித்துவைத்தார். 1913 செப்டம்பர் 4 அன்று, ஆதரவாளர் ஒருவர் வீட்டில் இறந்தார். கையில் இருந்தது ஒரு துணிப்பை. பைபிளின் புதிய ஏற்பாடு, அரசியலமைப்புச் சட்டப் பிரதி, நாட்குறிப்பு, நதி பற்றிய எழுத்து, சில கூழாங்கற்கள். சொத்து அவ்வளவுதான்.

ஆஷியோ சுரங்கம் 1973இல்தான் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு ஃபுருகாவா நிறுவனம் விவசாயிகளுக்கு இழப்பீடு கொடுக்க ஒப்புக்கொண்டது. அந்த மனு? 2014இல் பேரரசர் அகிஹிட்டோ சானோ நகர அருங்காட்சியகத்துக்குப் போய் அதைப் பார்த்தார். கொள்ளுத்தாத்தாவுக்கு எழுதிய கடிதம், கொள்ளுப்பேரன் கைக்கு வர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. நம் தாலுகா அலுவலகமே தேவலாம் என்கிறீர்களா? அவசரப்பட வேண்டாம்.

இங்கே யாராவது எழுந்து, ஐயா, மீறுவதெல்லாம் பெருமையா என்று கேட்கலாம். கேட்க வேண்டும். 1931இல் மஞ்சூரியாவில் இருந்த ஜப்பானியப் படை அதிகாரிகள் டோக்கியோவின் சொல்லை மீறித்தான் போரைத் தொடங்கினார்கள். 1936 பிப்ரவரியில் இளம் ராணுவ அதிகாரிகள் மேலிடத்தை மீறித்தான் அமைச்சர்களைச் சுட்டார்கள். அவர்களும் சொல்பேச்சு கேளாதவர்களே. ஆனால் அவர்கள் மீறியதற்கு விலை கொடுத்தது சீனத்து விவசாயியும் ஜப்பானியச் சிப்பாயும். ஷோசோ மீறியதற்கு விலை கொடுத்தது ஷோசோ. என் பட்டியலில் இடம் பெற அதுதான் தகுதி.

அந்த மஞ்சூரியாவிலேயே வேலை பார்த்து, சீனர்களை நடத்தும் விதம் பிடிக்காமல் பதவியை உதறிய ஒரு வெளியுறவு ஊழியர் சுகிஹாரா சியுனே. 1940 கோடையில் அவர் லித்துவேனியாவின் கவுனஸ் நகரில் துணைத் தூதர். போலந்திலிருந்து தப்பி வந்த யூதர்கள் ஒருநாள் விடியற்காலை தூதரக வேலிக்கு வெளியே நின்றார்கள். டச்சு கௌரவத் தூதர் யான் ஸ்வார்டென்டைக், குராசாவ் தீவுக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அங்கே போக வழி? சோவியத் நாட்டைக் கடந்து ஜப்பான் வர வேண்டும். அதற்கு ஜப்பானின் இடைவழி விசா வேண்டும்.

சுகிஹாரா டோக்கியோவுக்குத் தந்தி கொடுத்தார். நிபந்தனைகள் நிறைவேறாதவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று பதில். மறுபடி கேட்டார், மறுபடி அதே பதில். மனைவி யுகிகோவோடு பேசினார். பிறகு பேனாவை எடுத்தார். தூதரகத்தை மூடச் சொல்லி சோவியத் அதிகாரிகள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு விசாவையும் கையால் எழுத வேண்டும். விரல் வீங்கும்வரை எழுதினார். ரயில் ஏறும் நாளிலும் ஜன்னல் வழியாக எழுதிக் கொடுத்தார். அவர் வைத்திருந்த பட்டியலில் 2,000க்கு மேல் பெயர்கள். ஒரு விசாவில் ஒரு குடும்பமே பயணம் செய்ததால் தப்பியவர்கள் அதைவிட மிக அதிகம். வ்லாதிவஸ்தோக் துறைமுகத்திலிருந்து கப்பலில் சுருகா வந்து, கோபே நகரில் தங்கி, உலகெங்கும் பிரிந்துபோனார்கள்.

போர் முடிந்து 1947இல் ஊர் திரும்பியவருக்கு வேலை போயிற்று. கிடைத்த வேலையைச் செய்தார். 1968இல் ஓர் இஸ்ரேலியத் தூதரக அதிகாரி அவரைத் தேடிக் கண்டுபிடித்தார். அவர் விசாவில் உயிர் தப்பிய சிறுவன் அந்த அதிகாரி. ஜப்பான் அரசு அவருக்கு மரியாதையை மீட்டுக் கொடுத்தது 2000இல். அவர் இறந்தது 1986இல். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

நமக்கு நெருக்கமான ஒருவரையும் சொல்லாமல் போனால் இந்த ஊர் என்னை மன்னிக்காது. நொபொரு கராஷிமா. சோழர் கல்வெட்டுகளைப் படிக்கத் தமிழ் கற்ற அறிஞர். திருச்சிக்குப் பக்கத்து அல்லூரையும் ஈசானமங்கலத்தையும் எடுத்து, ஒன்றில் நிலம் ஊர்ப்பொது, மற்றொன்றில் தனியார் உடைமை என்று கல்வெட்டுகளைக் கொண்டே காட்டினார். இந்தியக் கிராமம் எல்லாம் ஒரே அச்சு என்ற பேச்சு அதோடு ஆட்டம் கண்டது. 2013இல் பத்மஸ்ரீ பெற்றார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவராக இருந்தவர், ஆய்வாளர்கள் கட்டுரை எழுத அவகாசம் போதாது என்று சொல்லி, நம் அரசு கேட்ட மாநாட்டுக்கு இசையவில்லை. அரசு கோவையில் செம்மொழி மாநாடு என்று தனியாக நடத்திக்கொண்டது. மாநாட்டைப் பற்றி உங்களுக்கு என்ன கருத்து இருந்தாலும் சரி, தமிழை நேசித்தவர் தமிழக அரசிடம் முடியாது என்று சொன்னார். அதையும் அவருடைய தமிழ்ப்பணியில்தான் சேர்ப்பேன்.

கடைசியாக ஒரு மருத்துவர், நகாமுரா டெட்சு. ஃபுகுவோக்காவில் பிறந்து, 1984இல் தொழுநோய் மருத்துவம் பார்க்கப் பாகிஸ்தானின் பெஷாவருக்குப் போனவர். பிறகு ஆப்கானிஸ்தானுக்கு. 2000இல் கடும் வறட்சி. அழுக்குத் தண்ணீர் குடித்துப் பிள்ளைகள் செத்தார்கள். மருந்தால் இது தீராது, தண்ணீர் வேண்டும் என்று கிணறு வெட்ட இறங்கினார். 2001 அக்டோபரில் ஜப்பான் நாடாளுமன்றக் குழு அவரைச் சாட்சியம் சொல்ல அழைத்தது. அமெரிக்காவின் ஆப்கான் போருக்குத் துணையாக ஜப்பானின் தற்காப்புப் படையை அனுப்புவது தீங்குதான், பயன் ஒன்றுமில்லை என்றார். அவையில் கூச்சல். சொன்னதைத் திரும்பப் பெறுங்கள் என்றார்கள். அவர் பெறவில்லை.

திரும்பிப் போய் 2003இல் குனார் ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டத் தொடங்கினார். சிமெண்டும் பெரிய எந்திரமும் நம்பிக் கட்டினால், உடைந்த அன்று அந்த மக்களால் சரிசெய்ய முடியாது. ஆகவே ஃபுகுவோக்காவில் சிக்குகோ ஆற்றின் குறுக்கே சாய்வாகக் கல் பரப்பிய, இருநூறு ஆண்டுப் பழைய யமாதா அணையைப் போய்ப் படித்தார். கம்பிக் கூடையில் கல் நிரப்பிக் கரை கட்டினார். வேர் மண்ணைப் பிடிக்க வில்லோ மரம் நட்டார். மண்வாரி எந்திரத்தைத் தாமே ஓட்டினார். 25.5 கிலோமீட்டர் கால்வாய். அந்தக் கால்வாயும் அதே முறையில் கட்டிய மற்ற அணைகளும் சேர்ந்து ஏறத்தாழ 16,000 ஹெக்டேருக்குத் தண்ணீர் கொடுக்கின்றன. கம்பேரி பாலைவனத்தின் விளிம்பில் இன்று கோதுமை விளைகிறது.

2019 டிசம்பர் 4 அன்று ஜலாலாபாத்தில் அவரையும் உடன் வந்த ஐந்து ஆப்கானியரையும் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய பெஷாவர்-காய் அமைப்பும் உள்ளூர்ப் பணியாளர்களும் கால்வாய் வேலையைத் தொடர்ந்து செய்துவருகிறார்கள்.